பர்ஸ்டன்: கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக் மாவட்டத்தில், டிஸ் என்ற சின்ன நகரத்துக்கு வடக்கே சில மைல் தூரத்தில் பர்ஸ்டன் இருக்கிறது. மேடு பள்ளம் அதிகம் இல்லாத விவசாய பூமி. ஊரில் ஒரு புல்வெளி, அதன் ஓரத்தில் தூய மரியாள் கோயில். பழைய கோயில்தான், ஆனால் கோபுரம் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இடிந்து விழுந்ததை யாரும் திரும்பக் கட்டவில்லை. கோயிலுக்குப் பக்கத்திலேயே, அதே புல்வெளியைப் பார்த்தபடி, சிறிய பள்ளிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் முகப்பில் பதித்த கற்களில் வரிசை வரிசையாகப் பெயர்கள்: ரயில்வே தொழிலாளர் சங்கக் கிளைகள், சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள். அவர்களில் பெரும்பாலோர் பர்ஸ்டனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டடம் திறந்தது 1917இல். வேலை போன இரண்டு ஆசிரியர்களுக்காகப் பிள்ளைகள் 1914 ஏப்ரலில் தொடங்கி, 1939 வரை இழுத்த ஒரு பள்ளி ஸ்டிரைக்கின் மிச்சம் அது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சங்கக் கதையாக எழுதுவார்கள். கல்வி பற்றி எழுதுகிறவர்கள் பள்ளிக் கதையாக எழுதுவார்கள். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் கூலிக்கு வேலை செய்த பண்ணையாட்கள், ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் தயவும் இல்லாமல், 25 வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால், பதில் சங்கத்திலும் பள்ளியிலும் மட்டும் கிடைக்காது. கொஞ்சம் பின்னால் போய், அந்த ஊர்ப்பக்கத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்க்க வேண்டும்.

சர்ச்சா, சேப்பலா?

இங்கிலாந்துக் கிராமத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், ஒரு காலத்தில் முதலில் வரும் கேள்வி இதுதான்: அவர்கள் சர்ச்சா, சேப்பலா? சர்ச் என்றால் அரசு அங்கீகரித்த இங்கிலாந்துத் திருச்சபை, கல்லால் கட்டிய பழைய பங்குக் கோயில். சேப்பல் என்றால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் போன்ற பிரிவினரின் ஜெபவீடு. பெரும்பாலும் ஊர் ஓரத்தில், சந்துக்குள், செங்கலில் கட்டியது. 1851 மார்ச் 30 ஞாயிறன்று அரசாங்கமே ஒரு கணக்கெடுப்பு நடத்தி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அன்று யார் எங்கே ஆராதனைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தது. போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் திருச்சபைக் கோயிலுக்கு வெளியே இருந்தார்கள். ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இந்தப் பிரிவை வெறும் உபதேச வித்தியாசமாக எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். கிராமத்தில் கோயில் என்பது சொத்து, பதவி, வேலை, வீடு எல்லாம் சேர்ந்த ஒன்று. குருவானவருக்குத் தசமபாகத்துக்குப் பதிலாக வரும் பணம் உண்டு. கோயிலோடு சேர்ந்த மானிய நிலம் உண்டு, அதைக் குத்தகைக்கு விடுவார். பங்களா மாதிரி ஒரு வீடு உண்டு. பல ஊர்களில் பள்ளி நிர்வாகக் குழுவில் அவருக்கு நாற்காலி உண்டு. குளிர்காலத்தில் நிலக்கரியும் கம்பளியும் தரும் ஊர்த் தர்மக் கணக்கு அவர் கையில் இருக்கும். கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவன் யார், வராதவன் யார் என்பது அந்தக் கம்பளி விநியோகத்தில் தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பெரிய தலைவர் ஜோசப் ஆர்ச், வார்விக்‌ஷயரில் பார்ஃபோர்டு என்ற ஊரில் 1826இல் பிறந்தவர், தன் சிறுவயது நினைவு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். நற்கருணை ஆராதனைக்குச் சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று அவர் கோயில் கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். முதலில் ஊர்ப் பிரபு எழுந்து தனியாகப் பீடத்துக்குப் போனார். அவர் திரும்பி வந்த பிறகு பண்ணைக்காரர்கள். அப்புறம் கடைக்காரர், தச்சர், கொல்லர். எல்லோரும் முடித்த பின், கடைசியாக, தொளதொளச் சட்டை போட்ட கூலியாட்கள். தன் அப்பாவும் அந்தக் கடைசி வரிசையில் ஒருவர் என்பது சிறுவனுக்கு உறைத்தது. அவர் பெரியவரானதும் சேப்பலுக்குப் போய்ப் பிரசங்கியாரானதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கூலியாளின் கல்லூரி

ஆர்ச் போய்ச் சேர்ந்தது பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் பிரிவு. 1807இல் ஸ்டாஃபோர்ட்‌ஷயர் எல்லையில் மோ காப் என்ற குன்றின் மேல் நாள் முழுக்க நடந்த திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து கிளம்பிய இயக்கம் அது. நடத்தியவர்களில் முக்கியமானவர் இருவர்: ஹியூ போர்ன் ஒரு தச்சர், வில்லியம் க்ளோஸ் ஒரு குயவர். தாய்ச் சபையான வெஸ்லியன் மெதடிஸ்ட் அவர்களை வெளியே தள்ளியதால் தனிப் பிரிவானார்கள். சத்தம் போட்டுப் பாடிப் பிரசங்கித்ததால் 'கத்துகிறவர்கள்' என்று ஊரார் பட்டப்பெயர் வைத்தார்கள். நார்ஃபோக்கில் அது பண்ணையாட்களின் மதமாகவே ஆகிவிட்டது.

அந்தச் சேப்பல்கள் எப்படி நடந்தன என்பதுதான் விஷயம். பத்துப் பதினைந்து சேப்பல்கள் சேர்ந்தது ஒரு சர்க்கிட். அதற்குச் சம்பளம் வாங்கும் போதகர் ஓரிருவர்தான். மற்ற ஞாயிறுகளை உள்ளூர்ப் பிரசங்கிமார் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'பிளான்' என்ற அச்சடித்த தாள் வரும். ஒரு பக்கம் ஊர்ப் பெயர்கள், மேலே ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள், கட்டங்களுக்குள் எண்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பிரசங்கியார். வாரம் முழுக்கக் களை பிடுங்கிய ஆள், ஞாயிற்றுக்கிழமை பிளானில் தன் எண் எந்த ஊரில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, எட்டு மைல், பத்து மைல் நடந்துபோய்ப் பிரசங்கம் செய்துவிட்டு, இருட்டில் நடந்தே திரும்பி, திங்கள் விடியற்காலை குதிரை லாயத்தில் நிற்பான். சேப்பல் கட்டடத்துக்குக் கடன் இருக்கும். அதை அடைக்க டீ விருந்து, ஞாயிறு பள்ளி ஆண்டு விழா, அறுப்பின் பண்டிகை முடிந்ததும் பூசணியையும் ரொட்டியையும் ஏலம் விடுவது என்று வருஷம் முழுக்க வேலை. சபையார் சிறு குழுவாகக் கூடும் 'வகுப்புக் கூட்டத்தில்' வாரம் ஒரு பென்னி. அதற்கு ஒரு நோட்டு, அந்த நோட்டை எழுத ஒரு ஆள். கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுத இன்னொரு ஆள்.

இதில் ஜார்ஜ் எட்வர்ட்ஸின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1850இல் நார்ஃபோக்கில் பிறந்தவர். அப்பா பசியில் கிடந்த பிள்ளைகளுக்காக வயலிலிருந்து சில டர்னிப் கிழங்குகளை எடுத்து வந்தார். அதற்காகச் சிறைக்குப் போனார். குடும்பம் ஏழைகள் விடுதிக்குப் போனது. எட்வர்ட்ஸ் பள்ளிக்கூடம் போகவே இல்லை. 1872 வாக்கில் பிரசங்கிக்க அவரைப் பிளானில் போட்டபோது அவருக்கு வாசிக்கத் தெரியாது. மனைவி சார்லட்டுக்குத் தெரியும். அவர் பாட்டுகளையும் வேதபாடத்தையும் சொல்லச் சொல்ல இவர் மனப்பாடம் செய்தார். அன்று பீடத்தில் நின்று, கையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒப்பித்தார். அதற்கப்புறம் சார்லட் அவருக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். அந்த மனிதர்தான் 1906இல் நார்த் வால்ஷமில் கிழக்கு மாவட்ட விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். 1920இல் தென் நார்ஃபோக்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். ஆர்ச் 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்னில் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் சங்கம் தொடங்கியபோது, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அவர் பேச்சு புதிதாகத் தெரிந்திருக்காது. பிரசங்கத் தொனி அவர்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகியது.

எழுந்து நின்று பேசுவது, பைசா சேர்ப்பது, கணக்கு எழுதுவது, ஆளுக்கு ஆள் முறை வைத்து வேலை பிரிப்பது, பெரிய மனிதர் இல்லாத கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது: பண்ணையாளுக்கு இவையெல்லாம் கைவந்த இடம் சேப்பல்தான். இனி பர்ஸ்டனுக்கு வருவோம்.

ஹிக்டன் தம்பதி

டாம் ஹிக்டன் சாமர்செட்டில் ஒரு பண்ணையாளின் மகன். பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் உள்ளூர்ப் பிரசங்கியார். மனைவி கிட்டி ஹிக்டன், முழுப்பெயர் ஆனி கேத்தரின், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆக, அந்த வீட்டிலேயே சர்ச்சும் சேப்பலும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தின. இருவரும் ஆசிரியர்கள். லண்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1902இல் நார்ஃபோக்கின் வுட் டாலிங் என்ற ஊர்ப் பள்ளிக்கு வந்தார்கள். கிட்டி தலைமை ஆசிரியை, டாம் அவருக்குக் கீழே உதவி ஆசிரியர். அங்கே சண்டை ஆரம்பித்தது எளிய விஷயத்தில். அறுவடை, வேட்டை என்று பண்ணைக்காரர்கள் பையன்களைப் பள்ளி நேரத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் பள்ளி நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்ததும் அதே பண்ணைக்காரர்கள். டாம் மாலை நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சங்கக் கிளை தொடங்கக் கிளம்பிவிட்டார். கடைசியில் மாவட்டக் கல்விக்குழு அவர்களைப் பர்ஸ்டனுக்கு மாற்றியது. 1911 ஜனவரி முடிவில் வந்து சேர்ந்தார்கள்.

அதே 1911இல்தான் பர்ஸ்டனுக்குப் புதிய குருவானவர் வந்தார்: சார்ல்ஸ் டக்கர் ஈலண்ட். வருஷத்துக்கு 581 பவுண்ட் வருமானம், பெரிய வீடு, 54 ஏக்கர் மானிய நிலம். அப்போது நார்ஃபோக் பண்ணையாளின் வாரக்கூலி ஏறக்குறைய 13 ஷில்லிங்; வருஷக் கணக்கில் 34 பவுண்டைத் தாண்டாது. ஊரில் இருந்தது கோயில் பள்ளி இல்லை, மாவட்டக் கவுன்சில் பள்ளி. ஆனாலும் நிர்வாகக் குழுத் தலைவர் பதவி சீக்கிரமே ஈலண்டிடம் வந்தது. ஆசிரியர்கள் ஞாயிறு காலை கோயிலில் முகம் காட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஹிக்டன் தம்பதி அதற்குப் பிடிகொடுக்கவில்லை.

ஈலண்டைக் கதையின் வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் அவ்வளவு நாட்டம் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர், ஆன்மிகக் காவலர், பள்ளித் தலைவர், தர்மக் கணக்குப் பார்ப்பவர் என்று நான்கு நாற்காலியை ஒரே மனிதருக்குக் கொடுத்தால், அதில் எவர் உட்கார்ந்தாலும் ஊர் தன்னுடையது என்றுதான் நினைப்பார். முந்தைய தலைமுறைக் குருமார்கள் அப்படித்தான் நினைத்தார்கள்; ஊரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையாட்டியது. இவருக்கு வாய்த்த ஊர் மாறிப்போயிருந்தது.

மாற்றத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1894ஆம் வருஷத்துச் சட்டம் ஊர் நிர்வாகத்தைக் கோயில் கூட்டத்திடமிருந்து எடுத்து, தேர்ந்தெடுத்த ஊர் மன்றத்திடம் கொடுத்தது. ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடாது. பல ஊர்களில் குருவானவரும் பண்ணைக்காரர்களுமே போட்டியில்லாமல் மன்றத்திலும் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே வாக்களிப்பு சாதாரணமாக ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித்தான். யாராவது கேட்டால் மட்டும் சீட்டு. வேலை கொடுக்கிறவன் எதிரே, குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் எதிரே கையைத் தூக்குவது லேசான காரியமா? பர்ஸ்டனில் டாம் பண்ணையாட்களையே வேட்பாளராக நிறுத்தினார். 1913 மார்ச்சில் தேர்தல் நடந்தது. அதிக வாக்கு வாங்கியவர் டாம் ஹிக்டன். கடைசி இடம் குருவானவருக்கு.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்தக் கடைசி இடத்தின் தொடர்ச்சி என்றுதான் நான் படிக்கிறேன்.

ஈரத்துணியும் விசாரணையும்

பள்ளிக் கட்டடம் மோசம்: ஈரம், சரியான வெளிச்சம் இல்லை, சூடு இல்லை. கிட்டி இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். மைல் கணக்கில் நடந்து வரும் பிள்ளைகள் மழை நாளில் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். அப்படி ஒருநாள் அவர்களுடைய துணியைக் காயவைக்க அடுப்பை மூட்டினார். நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் மூட்டியது குற்றமாயிற்று. நிர்வாகக் குழுவிடம் மரியாதை இல்லாமல் நடந்தார் என்பது இன்னொன்று. பிறகு வந்ததுதான் பெரிய குற்றச்சாட்டு: பர்னார்டோ அனாதை இல்லத்திலிருந்து ஊரில் ஒரு வீட்டில் தங்க வைக்கப்பட்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகளைக் கிட்டி அடித்துவிட்டார் என்றார்கள். அவர் பிரம்பைத் தொடாத ஆசிரியை என்பது பெற்றோர் கட்சி. 1914 பிப்ரவரியில் நார்விச்சில் கல்விக்குழு விசாரித்து, அவருக்கு எதிராக முடிவெடுத்தது. இருவருக்கும் வேலை போயிற்று.

மார்ச் 31 அன்று வகுப்பறைக் கரும்பலகையில், நாளை நாங்கள் ஸ்டிரைக் செய்யப்போகிறோம் என்று எழுதியிருந்தது. மறுநாள், ஏப்ரல் 1. புதிய ஆசிரியர்கள் வந்து காத்திருந்த பள்ளிக்குள் போகாமல், 72 பிள்ளைகளில் 66 பேர் வரிசை கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார்கள். முன்னால் நின்றது 13 வயது வயலட் பாட்டர். கொடிகள், எங்கள் ஆசிரியர்கள் திரும்ப வேண்டும் என்று எழுதிய அட்டைகள், பாட்டு. போகிற வழியில் ஊர்க்காரர்கள் நிறுத்தித் தின்னவும் குடிக்கவும் கொடுத்தார்கள். ஊர்வலம், பாட்டு, தின்பண்டம் என்று ஒரு மணி நேரத்தில் அது கிட்டத்தட்ட ஞாயிறு பள்ளி ஆண்டு விழா மாதிரி ஆகிவிட்டது. எப்படி நடக்க வேண்டும், எந்த இடத்தில் நின்று பாட வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் இந்த நிகழ்வில் என் கண்ணில் முதலில் படுவது.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்மேல் வழக்குப் போட்டார்கள். முதலில் 18 வீட்டாருக்குத் தலைக்கு அரை கிரவுன், அதாவது 2 ஷில்லிங் 6 பென்ஸ் அபராதம். அடங்கவில்லை. அடுத்த முறை 32 பேருக்கு 5 ஷில்லிங் வீதம். 13 ஷில்லிங்கில் வாரத்தை ஓட்டும் வீட்டுக்கு 5 ஷில்லிங் என்றால் இரண்டு மூன்று நாள் சாப்பாடு. வசூல் செய்து கட்டினார்கள். அதற்குள் புல்வெளியிலேயே பாடம் தொடங்கியிருந்தது; பிறகு ஒரு தச்சுப்பட்டறையை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, பெஞ்சு போட்டார்கள். பிள்ளைகள் எங்கேயோ படிக்கிறார்கள் என்று காட்ட முடிந்ததும் அபராத வழி அடைபட்டது.

புல்வெளியில் ஆராதனை

பள்ளியைப் புறக்கணித்தவர்கள் கோயிலையும் புறக்கணித்தார்கள். அது இயல்பாக நடந்தது. குருவானவர் முகத்தில் விழிக்காமல் அவரிடம் நற்கருணை எப்படி வாங்குவது? ஆனால் ஞாயிற்றுக்கிழமையைச் சும்மா விட அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. ஜான் சட்டன் என்ற மெதடிஸ்ட் பிரசங்கியார் புல்வெளியில் ஆராதனை நடத்தத் தொடங்கினார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள், நூற்றுக்கணக்கில் கூட்டம். ஒரு பக்கம் கோயில் மணி, இந்தப் பக்கம் புல்லில் நின்றுகொண்டு பாட்டு.

கதையைச் சேப்பலுக்குச் சாதகமாக மட்டும் சொல்கிறவர்கள் சட்டனுக்கு அடுத்து நடந்ததைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவருடைய மேலிடம் அவரைக் கண்டித்தது. ஸ்டிரைக் கூட்டத்தில் போய் ஆராதனை நடத்தியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. 1914க்குள் மெதடிஸ்ட் சர்க்கிட்டுகளில் கடைக்காரர்களும் வசதியான விவசாயிகளும் தர்மகர்த்தாக்களாக வந்திருந்தார்கள். 'கத்துகிறவர்கள்' என்று கேலி செய்யப்பட்டவர்களின் பேரன்மார் மரியாதைக்குரிய மனிதர்களாகிவிட்டார்கள்; சேப்பலுக்கும் ஹார்மோனியத்துக்குப் பதில் பைப் ஆர்கன் வந்திருந்தது. தெரு ஓரத்துப் பிரசங்கத்தில் பிறந்த சபை, தெரு ஓரத்துப் பிரசங்கத்தைப் பார்த்து முகம் சுளித்தது. ஆக, பர்ஸ்டனுக்கு உதவிய சேப்பல் எது என்று கேட்டால், சேப்பல் என்ற நிறுவனத்தைச் சொல்ல முடியாது. மூன்று தலைமுறையாக அதில் பழகிய பழக்கத்தைச் சொல்லலாம். நிறுவனம் கையை விட்டபோதும் பழக்கம் ஆளிடமே இருந்தது.

ஈலண்டும் தன் கையிலிருந்த ஆயுதத்தை எடுத்தார். மானிய நிலத்தில் சிறு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்த ஸ்டிரைக் குடும்பத்தார் மூன்று பேருக்கு நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது. உருளைக்கிழங்கும் கோஸும் விளைந்த அந்தத் துண்டு நிலம்தான் பண்ணையாள் வீட்டின் பாதிச் சமையல். நியாயம் தேவனிடம் கேட்க வேண்டிய இடத்தில் நிலத்தின் சொந்தக்காரரே உட்கார்ந்திருந்தார்.

நோட்டீஸ் அனுப்பியவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதால் செய்தித்தாள்கள் பர்ஸ்டனை மறந்திருக்க வேண்டும், மறக்கவில்லை. சங்கக் கிளைகளுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது, பணம் வந்துகொண்டே இருந்தது. ரயில்வேக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் அனுப்பிய பணத்தில் புல்வெளியில், கோயிலின் பக்கத்தில், கட்டடம் எழுந்தது. 1917 மே 13 அன்று திறப்பு. திறந்துவைக்கப் பிரமுகர் யாரையும் தேடவில்லை. ஊர்வலத்தின் முன்னால் நடந்த வயலட் பாட்டரே, இப்போது கொஞ்சம் வளர்ந்த பெண்ணாக நின்று, இது என்றென்றைக்கும் சுதந்திரத்தின் பள்ளி என்று சொல்லித் திறந்தார். அடிக்கல்லில் பெயர் பொறிப்பது, திறப்பு விழாவில் கூட்டுப் பாட்டு, சந்தா கொடுத்த ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கல்: சேப்பல் கட்டிப் பழகியவர்களுக்கு இதெல்லாம் பரிச்சயமான முறை. பணம் தந்தவர்கள் மட்டும்தான் மாறியிருந்தார்கள்.

யார் ஜெயித்தார்கள்?

1920இல் ஈலண்ட் பர்ஸ்டனை விட்டுப் போனார். பள்ளி போகவில்லை. டாம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் வேலையில் அலைந்தார். கிட்டி பாடம் நடத்தினார். வருஷங்கள் ஓடின. முதல் வரிசைப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் எண்ணிக்கை கரைந்தது. கவுன்சில் பள்ளி கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. ஊர்ச் சண்டையை வயசுக்கு வந்தவர்கள் நினைவில் வைத்திருந்தாலும் ஏழு வயசுப் பிள்ளைக்கு அது என்ன? 1939 ஆகஸ்டில் டாம் இறந்தார். கிட்டிக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. தனியாக நடத்த முடியவில்லை. மீதமிருந்த 11 பிள்ளைகளும் கவுன்சில் பள்ளிக்குப் போனார்கள். 25 வருஷத்துக்கு முன் எந்தக் கதவை விட்டு விலகி நடந்தார்களோ அதே கதவு.

இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். வேலையைத் திரும்ப வாங்கிக்கொடுக்க முடியவில்லை என்பது மட்டும் உண்மை.

பெரிய சபைகளின் கதையும் கூடவே ஓடியது. 1932 செப்டம்பரில் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைட்டெட் ஆகிய மூன்று மெதடிஸ்ட் பிரிவுகளும் ஒன்றாயின. அதன் பக்கவிளைவு என்னவென்றால், ஒரே சின்ன ஊரில் இரண்டு மூன்று மெதடிஸ்ட் சேப்பல்கள் எதிரெதிரே நின்றன. இதில் எது மூடுவது? எந்தக் குடும்பமும் தன் தாத்தா பென்னி போட்டுக் கட்டியதை விடத் தயாராக இல்லை. அந்தச் சேப்பல்களில் நிறைய இன்று வீடுகளாகவும் கிடங்குகளாகவும் இருக்கின்றன. முகப்பில் வருஷம் பொறித்த கல்லை மட்டும் புதுச் சொந்தக்காரர் விட்டு வைத்திருப்பார்.

கோயிலும் சேப்பலும் சேர்வதற்கு எடுத்த முயற்சியில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில். இங்கிலாந்தில் அது முடியவில்லை. 1969இல் மெதடிஸ்டுகள் சம்மதித்தார்கள், இங்கிலாந்துத் திருச்சபை தரப்பில் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1972இல் இன்னொரு முறை முயன்றும் அதே கதை. பர்ஸ்டன் மாதிரி ஊர்களை நினைத்துப் பார்த்தால் காரணம் புரிகிற மாதிரி இருக்கிறது. இங்கே பிரிவுகள் மிஷனரிகளோடு கப்பலில் வந்து இறங்கியவை. அங்கே அவை கம்பளி யாருக்கு, நிலம் யாருக்கு, கடைசி வரிசையில் யார் என்ற கேள்விகளோடு பிணைந்தவை. உபதேசத்தில் உடன்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். தாத்தாவைக் கடைசி வரிசையில் நிறுத்தியதற்கு எந்தக் கமிட்டி கையெழுத்துப் போடும்?

கிட்டி 1946 ஏப்ரலில் இறந்தார். 1880க்கு முன்னால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் யாரைப் புதைத்தாலும், திருச்சபைக் குருவானவர் தன் ஜெபப் புத்தகத்தை வாசித்துத்தான் புதைக்க வேண்டும் என்று இருந்தது. அந்த வருஷத்துச் சட்டம் அதை மாற்றி, கோயில் மண்ணில் சேப்பல்காரர்களும் தங்கள் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்றாக்கியது. ஆக, பர்ஸ்டனில் சண்டை தொடங்குவதற்கு வெகு முன்பே, கல்லறைத் தோட்டம் மட்டும் எல்லோருக்கும் பொது என்று தீர்ந்துவிட்டது. டாமும் கிட்டியும் தூய மரியாள் கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அங்கிருந்து பள்ளிக்குச் சில நிமிட நடைகூட இல்லை.

பள்ளிக் கட்டடம் 1949 முதல் ஓர் அறக்கட்டளை வசம் இருக்கிறது. உள்ளே சின்னக் காட்சியகம். 1984 முதல் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று சங்கக் கொடிகளோடு ஆட்கள் வந்து, பிள்ளைகள் 1914 ஏப்ரல் 1 அன்று நடந்த அதே பாதையில் நடக்கிறார்கள். அந்தப் பாதைக்கு 'மெழுகுவர்த்தித் தண்டு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நடந்து முடித்துப் புல்வெளிக்கு வந்ததும் கொடிகளைச் சாய்த்து வைத்துவிட்டு, டீ குடிக்க வரிசையில் நிற்பார்கள்.